அம்பலகாரர் கடைசியாகச் சொன்னது

ஜூன் 3, செவ்வாய்
காலையிலேயே வெயில். மோட்டார் ரிப்பேர். பி.பி. மாத்திரை தீர்ந்தது.
பஞ்சாயத்துத் தலைவர் வந்தார். ஊருணி மராமத்து முடிந்து கல்வெட்டு வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஊர்த்தலைமையாக இருந்த பெரிய அம்பலகாரர் உயிர் விடும்போது சொன்னதைப் பொறிக்க வேண்டுமாம்: "ஊருணிக் கதவை இனி யாருக்கும் பூட்டாதீங்க." அதற்கு ஆதாரம் எழுதித் தர வேண்டும். அம்பலகாரருடைய பங்காளி வீட்டார் சிலர் புதுக் கதவுக்குப் பூட்டுக் கேட்கிறார்கள். அதனால் அவசரம்.
எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கிடைத்ததே அந்த வார்த்தையால். மனிதர் மனம் மாறுவதற்கு உதாரணமாக முப்பது வருஷம் வகுப்பில் சொன்னது. ஒரு மணி நேர வேலை.

ஜூன் 4, புதன்
பள்ளியின் பழைய ஆண்டு மலரில் அந்த வார்த்தை இருக்கிறது; ஆதாரம் 'ஊரார் சொல்லக் கேட்டது' என்று மட்டும். வடக்குத் தெருப் பெரியவர்கள் மூவரும் ஒரே பதில்: "ஒங்க அப்பாதான சார் வீடு வீடா வந்து சொன்னாரு."
சரிதான். கேதம் சொல்லப் போனவர் அப்பா. சாவுச் செய்தியோடு அந்த வார்த்தையையும் சொன்னவர். ஆனால் எங்கள் ஆட்கள் அப்போது அந்த வீட்டு நிலைப்படி தாண்ட முடியாதே. அப்பா காதில் எப்படி விழுந்தது? வழி எழுதாத கணக்குக்கு மார்க் குறைத்தவன், இதை இத்தனை நாள் கேட்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி
திருமயம். பஸ்ஸில் நின்றுகொண்டே. அம்பலகாரர் மகள் மீனாட்சியம்மாள், எண்பத்தைந்து வயது. சாவின்போது பத்து வயதுப் பிள்ளை, கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவர்.
"கேதம் சொன்னவரு மகனா? மூக்கு அப்படியே இருக்கு." காப்பி கொடுத்தார்.
அம்பலகாரர் எங்கள் தெருவுக்கு ஊருணியைத் திறந்துவிட்டது வறட்சிக்காக, அந்த ஒரு கோடைக்கு மட்டும்தானாம்.
"அப்பா சொன்னது வேற, வாத்தியாரே. 'எங்காரியம் முடிஞ்சதும் கதவைப் பூட்டிருங்க'ன்னாரு. உள்ள நானும் ஆத்தாவுந்தான். கண்ணை மூடுனதும் ஆத்தா கொல்லைப்பக்கம் போயி, அங்க நின்ன ஒங்க அப்பாகிட்ட மாத்திச் சொல்லிட்டாக."
ஏன் என்றேன்.
"ஆத்தா சொன்னா எவன் கேப்பான்? செத்தவுக வாக்குன்னா மீற மாட்டாக."
காப்பி ஆறிப்போனது. என் அப்பா கடைசிவரை அந்த வீட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் குடம் நிறைப்பார். நானும் கும்பிட்டேன். யாரை?
கல்லில் எதைப் போட என்று கேட்டேன். "இவ்வளவு நாளு நான் சொமந்தேன். இனி ஒங்க பாடு."
கிளம்பும்போதுதான் அவர் ஆத்தா பெயரைக் கேட்டேன்.

ஜூன் 7, சனி
மாத்திரை வாங்க மறந்தேன். பூட்டச் சொன்னது வெளியே தெரிந்தால் நாளைக்கே பூட்டு. மறைத்தால் நானும் பொய் சாட்சி. மனம் மாறிய மனிதர் என்று வகுப்பில் நான் சொல்லி வந்த அம்பலகாரர் மாறவே இல்லை.

ஜூன் 8, ஞாயிறு
எழுதிக் கொடுத்தேன். வார்த்தை அப்படியே. கீழே: 'அம்பலகாரர் இறந்த அன்று, அவர் வீட்டிலிருந்து கேதத்தோடு வந்த சொல். சொன்னவர் அழகம்மாள்.' பூட்டச் சொன்னதை எழுதவில்லை. பொய்யும் எழுதவில்லை.
தலைவர் இரண்டு தரம் படித்தார். "அழகம்மாள் யாரு சார்?"
அம்பலகாரர் சம்சாரம் என்றேன். வெள்ளிக்கிழமை வரை எனக்கும் தெரியாது.