ஃபியூஸ் கட்டை என் பையில இருக்கு

உங்களுக்குத்தான் எழுதுறேன். அக்கா மகளுக்கு வளைகாப்பு, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு சூலக்கரைக்குப் போறேன். நாளைக்கு வருவேன். குழம்பைச் சுட வச்சுக்கிடுங்க, கேஸ் அடுப்புல.

கரண்ட் அடுப்பைப் போட்டு, பட்டாசுக்குச் சுத்துன காகிதக் குழாயைக் காயவைக்க விடமாட்டேன். அந்த அடுப்பு லைனோட ஃபியூஸ் கட்டையைக் கழட்டிட்டேன். "பல்பு மாதிரித்தான் கரண்ட் இழுக்கும்"னு நேத்து கத்துனீகளே, வயர்மேன் அண்ணன்கிட்ட மீட்டர் வாங்கி வச்சுப் பாத்தேன். 220 வோல்ட், 10 ஆம்பியர். பெருக்கினா 2200 வாட். வகுத்தா அந்த அடுப்புக் காயில் கம்பியோட தடை 22 ஓம், உங்க அதட்டலுக்கு அது மாறாது. நம்ம செவுத்து வயரு தாங்குறது அஞ்சு ஆம்பியர். ஃபியூஸ் போகுதுன்னு தடிக் கம்பியை முறுக்கி வச்சிருக்கீக! இனி ஃபியூஸ் போகாது, வீடுதான் போகும்.

பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து ரூமுக்குள்ள போகுமுன்ன செம்புத் தகட்டுல கையை வச்சு, பொறி பறந்துரக் கூடாதுன்னு உடம்புல சேர்ந்த கரண்டை இறக்கிட்டுப் போற ஆளு நீங்க. பிள்ளைக தூங்குற வீட்டுக்கு அந்தப் பயம் வேண்டாமா? குழாய் லோடு பிந்தினா பிந்தட்டும்.

மாரிக்கனி

குழாயை ஃபேனுக்கு அடியில பரப்பியிருக்கேன். ஃபேன் ஓடும்.

சண்டை போட சூலக்கரைக்கு வர்றதா இருந்தா, அந்தத் தகட்டுல ஒருக்கா கையை வச்சுட்டு வாங்க.