எடுத்த இடத்தில் வைத்த கல்

மல்வேர்ன், ரொறன்ரோ
1996

என் அன்பு மனோ,

"உந்தக் கல்லை எரிமலைக் கல் எண்டு பிள்ளையளுக்குக் குடுக்கிறீங்களே, மனம் உறுத்தேல்லையோ?" என்று எங்கள் கலியாணம் முடிந்த புதிதில் கேட்டீர், நினைவிருக்கிறதா? கொல்லன் பட்டறையில் கிடந்த இரும்புக் கசடு அது. சுண்ணாம்புக் கல்லைத் தவிர வேறு கல் காணாத யாழ்ப்பாணத்தில் பூமிசாத்திரம் படிப்பிக்கிறவன் எரிமலைக்கு எங்கே போவான்? "தொட்டுப் பாக்க ஏதும் வேணுமப்பா" என்று சிரித்தேன். இருபது வருடம் அது என் வகுப்பறை மேசையில் இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டீர்: "அந்தக் கல்லின்ர கதையை இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?" நான் உமது தலையணையைச் சரிசெய்தேன்.

இந்த மாரிக் குளிரில் மகள் என்னை ஹவாயின் பெரிய தீவுக்குக் கூட்டிப்போனாள். கிழக்குக் கரையில் ஓயாத மழை, ஆளுயரப் பன்னச் செடிகள். மலையைச் சுற்றி மேற்கே இறங்கினால் புல்லும் இல்லாத கறுப்பு வெளி. மல்வேர்னில் மழைக்குள் பஸ் ஏறி, நாலு தரிப்புத் தள்ளி மோர்னிங்சைட்டில் பாலைவனத்தில் இறங்கினோம் என்று வையும். காற்று ஒரு பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு மறுபக்கத்துக்கு வெறுங்கையோடு போகிறது. முப்பது வருடம் கரும்பலகையில் நான் கீறிய படம்! மலை உச்சியில் ஸ்நோவும் கிடந்தது. அதை என்னால் பார்க்க முடியவில்லை. உம்மை எரியூட்டிவிட்டு வெளியே வந்தபோது பெய்த அதே வெள்ளை.

ஆறி இறுகிய எரிமலைக் குழம்பின் மேல் நடந்தால் கண்ணாடி நொறுங்குவதுபோலச் சத்தம் வரும். மகள் முன்னே போனாள். எனக்குப் பின்னாலும் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு காலைச் சற்று இழுத்து வைக்கும் உமது நடை. நின்றேன். அதுவும் நின்றது.

குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். என் வகுப்பறைக் கல்லின் அதே நிறம், அதே துளைகள். பாரம் மட்டும் பாதியும் இல்லை. தொட்டுப் பார்க்கத்தானே கொடுத்தேன்? அந்தப் பிள்ளைகளின் கைகளுக்கல்லவா பொய் சொல்லியிருக்கிறேன்!

வழிகாட்டிப் பெண் ஏதோ சொல்ல, மகள் எனக்குச் சொன்னாள்: "கல்லைக் கொண்டுபோனா மலையும் பின்னால வருமாம். வையுங்கோ அப்பா."

"ஓம், ஓம்" என்று கோட்டுப் பைக்குள் போட்டேன். வரட்டுமே. ஒருவரும் பின்னால் வராத வீட்டுக்குத்தானே திரும்பிப் போகிறேன்?

அடுத்த நாள் காலை பைக்குள் கையை விட்டபோது உமது குரல், அதே நையாண்டியோடு: "பொய்யைத் திருத்த இப்ப களவோ, மாஸ்ரர்?"

மகளைக் காரைத் திருப்பச் சொன்னேன். "ஒரு கல்லுக்கு ரெண்டு மணித்தியால ஓட்டமோ?" என்று புறுபுறுத்தாள். எடுத்த இடத்திலேயே வைத்தேன். திரும்பி நடக்கையில் என் காலடி மட்டுமே கேட்டது.

என்னிடம் படித்த சிவநேசன் இங்கே பஸ் ஓட்டுகிறான். ஞாயிறுகளில் பிள்ளைகளோடு வந்து, "மாஸ்ரரின்ர எரிமலைக் கல்லை இந்தக் கையாலதான் தூக்கினனான்" என்று அவர்களுக்குக் கையை விரித்துக் காட்டுவான். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன். வருகிற ஞாயிறு போகமாட்டேன். அவனுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுவேன், மனோ. இது சத்தியம். அதற்குப் பிறகாவது ஒருதரம் பின்னால் வருவீரோ?

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று: வீட்டில் ஒருவர் இரண்டு தரம் கேட்டும் நீங்கள் சிரித்துக் கடந்த கேள்விக்கு இன்றைக்கு மறுமொழி சொல்லிப் பாருங்கள்.

உம்முடைய மனுசன்,
மாஸ்ரர்