அத்தான் இன்னும் ஒப்பு போடவில்லை

மேலே போன பிறகும் என் தலையில் குட்டிக்கொண்டிருக்கும் என் லில்லி அக்காவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் மகள் பிளஸி தொட்டிலில் கிடக்கும்போதே, இந்தப் பிள்ளைக்கு எழுத்து வழங்காது, அறிவு மட்டும் நாலு வக்கீலுக்குக் காணும் என்றேன். பாறசாலை முழுக்க அதற்குச் சாட்சி உண்டு. அதில் பாதிப் பேர் இப்போது உன்னோடுதான் இருக்கிறார்கள், கேட்டுப் பார்.

நீ போய் மூன்று வருஷமாகிறது. பிளஸி ஒன்பதாம் வகுப்பு. அவள் கதை சொன்னால் வகுப்பே வாய் பிளக்கும். புத்தகத்தைக் கொடுத்தால் நாலு வரிக்குள் வியர்த்துவிடும். ஷீலா டீச்சர்தான் நெய்யாற்றின்கரைக்கு அனுப்பிப் பரிசோதிக்க வைத்தார். போன மாதம் முடிவைச் சொல்லப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். அத்தான் தனியாகப் போனால் சண்டையில் முடியும் என்று நானும் போனேன். நான் நுழைந்ததும் தலைமை ஆசிரியரே எழுந்து நின்றார். நாற்காலி எடுக்க எழுந்தார் என்று அத்தான் சொல்வார், நம்பாதே.

பரிசோதித்த மேடம் நாலு பக்க அறிக்கையை மேசையில் விரித்து, “புத்திக்கு ஒரு குறவும் இல்ல” என்று மலையாளத்தில் தொடங்கினார். டிஸ்லெக்சியா என்று பெயராம். எழுத்தைப் பிடிக்க மூளை வேறு வழியில் போகிறதாம், சோம்பல் இல்லையாம். பத்தாம் வகுப்புத் தேர்வில் அவள் சொல்ல இன்னொருவர் எழுதலாம், கூடுதல் நேரமும் கிடைக்கும். அதற்குத் தகப்பன் விண்ணப்பத்தில் ஒப்பு போட வேண்டும், கையெழுத்து.

அத்தான் பேனாவைத் தொடவில்லை. “எனக்க பிள்ளைக்கு மண்டைக்குச் சொகமில்லண்ணு நானே எழுதித் தரணுமா? நாளைக்கு எவன் கெட்டுவான் இவள?”

“அப்பா, நான் இங்கதான் இருக்கேன்,” என்றாள் பிளஸி.

அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது. “அத்தான், லில்லி அக்காளுக்கும் இதுதான் ஆக்கும். எட்டாம் கிளாசுல ரெண்டு வட்டம் தோத்தா. வாசிக்கத் தெரியாம முட்டுக்கால் போட்டு நிண்ணா. பொறவு சபையில அவ வேதபாடம் வாசிச்சத நீங்க கேட்டதில்லியா?”

அத்தானுக்குக் கண் நிறைந்தது. நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என்றைக்கு நிறுத்தியிருக்கிறேன்?

“எப்பிடிலே சரியாச்சு?” என்று கேட்டார்.

தினமும் விடியக்காலம் நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தாய், ஒரே வருஷத்தில் தெளிந்தது என்றேன். சங்கீதங்களிலேயே நீளமானது அதுதானே, கொஞ்சம் கம்பீரமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அது அப்படி மாறுகிற காரியமில்லை என்று மேடம் சொல்லச் சொல்ல, அத்தான் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் விடியுமுன் பிளஸியை எழுப்பி வேதாகமத்தின் முன்னால் உட்கார வைக்கிறார். அடிப்பதில்லை, திட்டுவதில்லை. “அம்மைக்குச் சரியாச்சு, உனக்கும் சரியாவும் மக்கா. ஒப்பு எதுக்கு?” என்று தலையைத் தடவுகிறார். பிள்ளை ஒரு வசனத்துக்குள் பத்து தரம் முட்டி நிற்கிறாள்.

“மாமா, அம்மைக்கு எத்தனாம் நாள் தெளிஞ்சுது?” என்று நேற்று கேட்டாள். நான் செருப்பைத் தேடினேன். “அப்போ நான் அம்மையக் காட்டிலும் மண்டியா, புத்தி கெட்டவளா?” என்றாள்.

விண்ணப்பம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. இன்று புதன். உண்மையைச் சொன்னால் அத்தான் அறிக்கையையும் என் புளுகோடு சேர்த்துத் தூக்கி எறிவாரோ? சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை சங்கீதத்துக்குள்ளேயே கிடப்பாள். நானே கட்டிய வேலிக்குள் நானே நிற்கிறேன், அக்கா. நீயாக இருந்தால் எந்தப் பக்கம் தாண்டுவாய்?

நாளை விடியுமுன் போகிறேன். விண்ணப்பமும் பேனாவும் என் பையில் இருக்கின்றன. பிளஸி முன்னாலேயே சொல்வேன். அத்தான் கை ஓங்கினாலும் வாசலை விட்டு நகரமாட்டேன். பிறகு உன் நினைவு நாளுக்கு இந்தக் கடிதத்தைச் சபை இதழுக்கும் கொடுப்பேன், ஊரும் படிக்கட்டும்.

எட்டில் தோற்றது நீயில்லை. நீ எந்த வகுப்பிலும் தோற்றதில்லை. முட்டுக்கால் போட்டு நின்றது நான். அந்தச் சங்கீதத்தை நானும் வாசித்துப் பார்த்தேன் அக்கா, இன்றுவரை தெளியவில்லை. இதைக்கூட போனிடம் சொல்லித்தான் எழுதுகிறேன்.

உன் ஒரே தம்பி, பிளஸியின் மாமன்,
தாசன்