நூர்ஜமால் அக்காவின் கத்தரிக்கோல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நூர்ஜமால் அக்காவின் கத்தரிக்கோல் மூன்று நாளாகத் தையல் மேசையில் ஒரே இடத்தில் கிடந்தது. அக்கா வேலைக்கு வரவில்லை.

ஆண்டவர் கிருபையால் நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே பிஷ்கேக்கில் குளிர் அதிகமில்லை. நான் எழுதப்போவது சின்ன விஷயம்தான், பயப்பட வேண்டாம்.

திங்கட்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் முஸ்லிம் வழக்கப்படி ‘ஓமீன்’ சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். நான் மட்டும் சும்மா இருந்தேன். எங்களோடு தைக்கும் ஜிபெக், அக்காவின் நாத்தனார், “என்னடி, உன் கையில மட்டும் சுளுக்கா?” என்றாள்.

“நான் இயேசுவைக் கும்பிடறவ.”

“அட, ஊமைக்கு வாய் வந்துடுச்சு! ஒத்தையிலயா கும்பிடறே?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்து, “ஏன், நூர்ஜமால் அக்காவும்தான் ஜெபக்கூட்டத்துக்கு வர்றாங்க” என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குத் தெரியாமல் இரண்டு வருடமாக வருகிறவர், அம்மா. முகத்தில் வைத்த அக்காவின் கை அப்படியே நின்றது. “ஆமா” என்று மெல்லச் சொன்னார். மறுநாள் அக்கா இல்லாமல் ஜிபெக் மட்டும் வேலைக்கு வந்தாள்.

நேற்று ஜெபக்கூட்டத்தில் என் தைரியத்தைப் புகழ்ந்தார்கள். நானும் அடக்கமானவள்போலத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். அக்கா சொன்ன அந்த ‘ஆமா’வைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்புங்கள். அக்காவுக்கும் ஒரு ஜோடி.

இதை அக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜிபெக்தான் கதவைத் திறந்தாள். கத்தரிக்கோலை நீட்டி, “காட்டிக்கொடுத்தது நான். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க” என்றேன். வாங்காமல் கதவை மூடிவிட்டாள்.

இப்போது மறுபடியும் தட்டிவிட்டேன். யாரோ வருகிறார்கள், முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
பெரிசாத்