அக்காவின் செபமாலையும் என் செப்புக் கம்பியும்

ஒக். 7, திங்கள்

காற்றே இல்லை. துறைமுகத்துத் தண்ணீர் விரித்த பாயாகக் கிடக்கிறது.

இன்றைய அரும்பணி: அக்காவின் செபமாலை. அறுந்தது ஒரே ஒரு கண்ணி. சாதாரண மனிதன் அதை மட்டும் மாட்டிவிட்டுப் போவான். நானோ கம்பி நகைச் சக்கரவர்த்தி. ஐம்பத்தொன்பது மணியையும் கழற்றிக் கொட்டினேன். கண்ணிக்குக் கண்ணி புதுச் சுருள். ஒவ்வொரு பத்து மணி முடிவிலும் ஒரு பூ வளைவு. கம்பி, செத்துப்போன மின்விசிறியின் வயிற்றிலிருந்து. குறடு ஏழு இடத்தில் கடித்தது. சிந்திய இரத்தத்தில் கப்பல் விடலாம்.

அக்கா மூக்கோடு ஒட்டிப் பார்த்தா. "நல்ல வடிவு தம்பி."

என் கலைக்கு உலகத்தில் ஒரே இரசிகை. அவவுக்கு வலது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. இடது கண்ணில் இப்போது புகைதான். நாளை அதற்கு ஒப்பரேசன். இருப்பது அந்த ஒன்று. அதைப் பற்றி எழுத வரவில்லை.

8, செவ்வாய்

காலையில் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையில் செபமாலை. மறந்துபோன சுடுதண்ணீர்ப் போத்தலை எடுக்க வீட்டுக்கு வந்தால், பிஸ்கட் டின் மூடிக்குள் ஒரு நீல மணி!

ஒரு மணியைக் கோக்காமல் விட்டிருக்கிறேன்.

அக்காவின் மகள் ஜெசிந்தாவிடம் ஓடினேன்.

"ஐயோ மாமா, இப்ப சொல்லிப்போடாதேங்கோ. சகுனம் சரியில்லை எண்டு அம்மா எழும்பி வந்திடுவா."

உண்மை. இரண்டு தரம் நாள் வைத்து, இரண்டு தரமும் ஓடி வந்தவ.

பின்னேரம். ஒப்பரேசன் அறை வாசலில் நீள வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அக்கா சுற்றுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' குறைவாகச் சொல்லிக்கொண்டிருப்பா. குறைவதை யார் நிரப்புவது? சட்டைப்பைக்குள் மணியைப் பிடித்து நானே சொன்னேன். கலியாணத்துக்குப் பிறகு செபம் சொல்லாத வாய். பாதியில் வரி மறந்தது. பக்கத்தில் இருந்த கிண்ணியா ஊர்க்காரர் பார்த்தார்.

"உங்கட ஆளும் உள்ளுக்கா?"

"ஓம். அக்கா."

"பயப்பிடாதீங்க. நல்லா வருவா."

எத்தனை சுற்றோ தெரியாது. எதற்கும் ஆயிரம் சொன்னேன். (முப்பது இருக்கும்.)

9, புதன்

கட்டு அவிழ்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தபடி.

அக்காவின் குரல்: "பிள்ளை, உன்ர காதில என்ன கம்பி சிக்கிக்கிடக்கு?"

"அம்மா, இது மாமா செய்த தோடு! ரெண்டு வருசமா வடிவு எண்டு நீங்கள்தானே..."

"இதையா?"

தெரிகிறது! நான் சிரித்த சிரிப்புக்குத் தாதி வந்து அதட்டினா. என் கண்ணைத் துடைக்கத்தான் லேஞ்சி இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, "மூண்டாம் பத்தில ஒண்டு குறையுது. முதல் சுற்றிலயே விரல் சொல்லிப்போட்டுது. எங்கயடா மணி?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "தெரிஞ்சும் ஏன் எழும்பி வரேல்ல?"

"நீ எல்லாம் சரியாச் செய்திருந்தாத்தான் நான் பயந்திருப்பன்."

13, ஞாயிறு

மழை. பூசை முடிந்து, தேத்தண்ணீர் குடித்து, மூன்றாம் பத்தைப் பிரித்தேன். எதிரே கதிரையில் அக்கா, கறுப்புக் கண்ணாடியோடு.

"கோணல்."

கழற்றினேன். திரும்ப வளைத்தேன்.

"இப்பவும் கோணல்."

ஆறாம் தரம் நீட்டினேன். அக்கா வாங்கிப் பார்க்கக் கையைத் தூக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே தெரிகிறது.