படையலுக்குச் சுறா

தோ பாயோ
12-12-1969

சிவாமிக்குட்டிக்கு,

அக்கா பூவம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ அங்கே சுகமா என்று கேட்கத்தான் கை போகிறது. நீ போய் ஐந்து வருஷம் ஆனது கைக்குத் தெரியவில்லை. நாளைக்கு உன் திதி. இதை உன் படத்துக்கு முன்னால் வைப்பேன்.

நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். உன் மகள் ரத்தினம்மா இரண்டாம் வகுப்புக்குத் தேறிவிட்டாள்! நாலு வயது வரைக்கும் வாயே திறக்காத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஒரு நிமிஷம் உட்காரமாட்டாள், எழுந்து ஓடுவாள். அருள்ஜோதி டீச்சர்தான் வழி கண்டுபிடித்தார். கொஞ்சம் நடந்துவிட்டு வரட்டும் என்று, வருகைப் பதிவேட்டை ஆபீசுக்குக் கொண்டுபோகும் வேலையை இவளுக்கே கொடுத்துவிட்டார். போய் வந்தால் அரை மணி நேரம் ஒழுங்காக உட்கார்கிறாளாம். இவ லீவு போட்டா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி லா என்று என்னிடமே சொன்னார். எனக்குக் கால் தரையில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் உன் மகளைக் காட்டப் போன கிளினிக்கில் நர்ஸ் ஜரீனா, பிள்ளை வயிற்றில் இருந்தபோது நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். அப்போதும், பெற்ற பிறகு பால் சுரக்கவும், நாள் தவறாமல் என் கையால் சுறாப்புட்டு என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மாறியது. பாதரசம் என்று என்னவோ சொன்னாள். என் காதில் ரசம் என்றுதான் விழுந்தது. மிளகு ரசம்தாம்மா, புளி கம்மியா என்றேன். சிரித்துவிட்டாள். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயில் வெள்ளியாக ஏறுமே, அதுவாம். ஜப்பானில் தொழிற்சாலைக் கழிவோடு அது கடலில் கலந்து, அந்த மீனைச் சாப்பிட்ட தாய்மாரின் வயிற்றுப் பிள்ளைகளுக்கு மூளையைப் பாதித்ததாம். நம்ம ஊர்ச் சுறாவில் இருக்கிறதா என்று தனக்குத் தெரியாது, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கக்கா என்றாள்.

அலட்டாமல் எப்படி? போதும் அக்கா என்று நீ தட்டைத் தள்ளினபோது, இன்னும் ஒரு வாய் என்று ஊட்டியது நான்தானே.

உறை மேல் உன் பேரைப் பார்த்தாயா? சிவகாமசுந்தரி, எட்டு எழுத்து. நான் எழுதினால் ஒன்று விட்டுப் போகும். உன் மகள் நாலு தடவை எழுந்து ஓடினாள், நாலு தடவையும் தானே திரும்பி வந்து உட்கார்ந்து எழுதி முடித்தாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. என் பிள்ளையடி அவள், உன் பிள்ளை.

எங்கிருந்தாலும் அவள் தலைமேல் உன் கை இருக்கட்டும்.

உன் அக்கா,
பூவம்மா

உறையில் போடப் போனேன், உன் வீட்டுக்காரர் தேக்கா மார்க்கெட்டுக்குப் போகக் கூடையோடு நிற்கிறார். உனக்குப் பிடித்தது என்று வருஷா வருஷம் படைக்கிறோமே, இந்த வருஷமும் சுறா வாங்கட்டுமா என்று கேட்கிறார். படைத்ததை உன் மகள்தான் முதலில் எடுத்து வாயில் போடுவாள். சொல்லடி சிவாமி, வாங்கச் சொல்லட்டுமா, வேண்டாமா?