ராகுகாலத்துக்கு முன் போட்ட ஊசி

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

இறந்தவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். நான் படுகிறேன். நீங்கள் எதிர்த்துப் பேச மாட்டீர்கள் என்ற வசதியும் இருக்கிறது.

ராஜபாளையத்தில் மில் முதலாளி வீட்டு வாசலில் சங்கிலியில் கிடந்த வெள்ளை நாய் நினைவிருக்கிறதா? அதற்குப் பயந்து தினமும் தெரு சுற்றியே ஷிப்டுக்குப் போனீர்கள். அது உங்களைப் பார்த்துக் குரைத்ததுகூட இல்லை. கடித்தது, நீங்கள் பால் ஊற்றி வளர்த்த தெரு நாய்க்குட்டி.

"குட்டிதான மாப்ளே, பல்லு லேசாப் பட்டிருக்கு, அம்புட்டுத்தான்" என்றீர்கள். கடிவாயில் சுண்ணாம்பு தடவினீர்கள், உப்பில்லாப் பத்தியம் இருந்தீர்கள். குட்டி செத்த பிறகும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிமேல் அவ்வளவு பயம். தண்ணீர்ச் செம்பைப் பார்த்து நீங்கள் நடுங்கிய அன்று, எந்த ஊசிக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

அக்கா இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களோடுதான் இருக்கிறாள். போன வாரம் உங்கள் மகள் செல்வியைப் பக்கத்து வீட்டு நாய்க்குட்டி கடித்துவிட்டது. காலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக மொபெட்டை எடுத்தேன். அக்கா வாசலை மறித்தாள்.

"ஏலே, வயசுக்கு வந்த பிள்ளைலே. வயித்துல ஊசியக் குத்துனா நாளைக்கு எவன் கட்டுவான்?"

"இப்ப கையிலதான் போடுதாவ அக்கா."

"நீ போயிப் பாத்தியோ?"

புருஷனைப் பறிகொடுத்தவள் பேசும் பேச்சா இது? விளக்கினேன், கத்தினேன். படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். எதுவும் ஏறவில்லை. செல்விதான், "அப்பாவும் இப்படித்தாம்மா போவ மாட்டேன்னு நின்னாவ" என்று சொல்லிவிட்டு மொபெட்டில் ஏறினாள். அக்கா வாசலை விட்டு விலகினாள். பிறகு அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஒரு மொபெட்டில் மூன்று பேர். இரண்டு பக்கமும் லாரி. அக்காவின் முந்தானை சக்கரத்தை உரசிக்கொண்டு பறக்கிறது. அவளுக்கு அதெல்லாம் பயமில்லை. "ராகுகாலம் வந்திரும், வெரட்டுலே!" என்று முதுகில் குத்துகிறாள்.

நர்ஸ் கையில் குத்திப் பஞ்சை வைத்தார். செல்வி முகம்கூடச் சுளிக்கவில்லை. அக்கா அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுத்தானாலே?"

உங்களுக்கு இம்புட்டோடு முடிந்திருக்காது. அந்தக் காலத்தில் வயிற்றில்தான் போட்டிருப்பார்கள், வலித்திருக்கும். ஆனால் வலித்து முடிந்திருக்கும், இல்லையா அத்தான்? இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை.

மீதி ஊசிகளுக்கும் செல்வியை நானே கூட்டிப் போவேன். எந்த நாய் நின்றாலும் தெரு சுற்றாமல் நேர் வழியில் போவேன். அக்கா பஸ்ஸில் வரட்டும்.

உங்கள் மைத்துனன்,
செல்வியின் மாமா